மறியல்: ஒரு சொல்லும் இரு பொருளும்

தமிழ்ச் சொற்களுட் சில பாக்குநீரிணையைக் கடக்கும்போது தம் பொருளை மாற்றிக்கொள்கின்றன. 'மறியல்' அவற்றுள் ஒன்று. தமிழகத்திலே ஒருவர் மறியல் செய்தார் என்றால், பாதையில் அமர்ந்து போக்குவரத்தைத் தடுத்தார் என்று பொருள். யாழ்ப்பாணத்திலே ஒருவர் மறியலுக்குப் போனார் என்றால், சிறைக்குப் போனார் என்று பொருள். 'விளக்கமறியல்' என்ற சொல்லைப் பத்திரிகையிற் படியாதார் நம்மிடையே இலர். மறித்தவன் செய்த செயலும், அதற்காக அவன் அடைந்த கதியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பதை வகுப்பறையிலே மாணவர்க்கு வேடிக்கையாகச் சொல்வது என் வழக்கம். அது வெறும் வேடிக்கையன்று என்பதை, 2019 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டன் மாநகரில் என் மகள் வீட்டிலே தங்கியிருந்த காலத்திற்றான் உணர்ந்தேன்.

மகளின் வீடு கிழக்கு இலண்டனில் ஈஸ்ட் ஹாம் என்னும் பகுதியில் உள்ளது. தெருவில் இறங்கினால் யாழ்ப்பாணத்துப் பேச்சுக் காதில் விழும். மரக்கறிக் கடையிலே முருங்கைக்காயும் கிடைக்கும். மருமகன், கனேரி வார்ஃப் என்னும் வர்த்தகப் பகுதியிலே ஒரு கட்டடத்துக்குக் காவலர். மணித்தியாலக் கணக்கிற் சம்பளம் வாங்குபவர். பேத்திக்கு அப்போது பதினேழு வயது. பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தாள். 17 ஆம் திகதி வியாழக்கிழமை மருமகனுக்கு ஓய்வுநாள். காலைத் தேநீருடன் மூவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம்.

நாங்கள் கண்ட காட்சி இது: கனிங் டவுன் நிலையத்திலே யூபிலிப் பாதைப் புகையிரதம் ஒன்று நிற்கின்றது. அதன் கூரைமேல் இருவர் ஏறிப் பதாகை விரித்து நிற்கின்றனர். மேடை நிறைய வேலைக்குப் போகும் சனம். முதலிலே கூக்குரல் எழுகின்றது. பின்னர் கையில் இருந்த பொருள்கள் பறக்கின்றன. பின்னர் கூட்டத்தினர் கூரைமேல் நின்ற ஒருவரின் காலைப் பற்றி இழுக்கின்றனர். அவர் கீழே விழ, கூட்டம் அவர்மேற் பாய்கின்றது.

"மாமா, நான் நாளாந்தம் போற றெயின் இது," என்றார் மருமகன். "இண்டைக்கு ஓய்வெண்டபடியால் இதிலை இருக்கிறன். இல்லாட்டி அந்தச் சனத்துக்குள்ளை நானும் நிண்டிருப்பன்."

"நிண்டிருந்தால் நீங்களும் அந்த ஆளுக்கு அடிச்சிருப்பீங்களோ, அப்பா?" என்று கேட்டாள் பேத்தி.

மருமகன் உடனே மறுமொழி சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "அடிச்சிருக்க மாட்டன்," என்றார். "ஆனால் அடிச்ச ஆக்களைப் பிடிச்சு நிப்பாட்டியிருப்பனோ எண்டு கேட்டால், அதுவும் தெரியாது."

நேர்மையான மறுமொழி அது. அந்த ஒரு வாக்கியத்தினின்று தொடங்கிய வாதம் அன்று மதியச் சாப்பாடு வரை நீண்டது. அதன்பின் இன்றுவரையும் அந்த வீட்டில் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. அதனை வாசகர் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பெரும் அநீதியை எதிர்ப்பவர், அந்த அநீதிக்குப் பொறுப்பில்லாத மனிதரின் அன்றாட வாழ்வை மறிக்கலாமா என்னும் கேள்வி, எந்த நாட்டவர்க்கும் எந்தத் தலைமுறைக்கும் உரியது.

கூரைமேல் ஏறியவர்கள்

அவ்விருவரும் 'எக்ஸ்ரிங்ஷன் ரெபெலியன்' என்னும் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். உயிரினங்களின் அழிவுக்கு எதிரான கிளர்ச்சி என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். 2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி, பிரித்தானியப் பாராளுமன்றச் சதுக்கத்திலே கூடி அரசுக்கு எதிராகக் கிளர்ச்சிப் பிரகடனம் செய்தது அவ்வியக்கம். அடுத்த மாதத்திலே தேம்ஸ் நதியின் ஐந்து பாலங்களை ஒரே நாளில் மறித்தது. 2019 ஏப்ரிலில் வாட்டர்லூப் பாலத்தின்மேல் மரக்கன்றுகளை நட்டுவைத்தது போல அடுக்கி அதனைச் சோலையாக்கியது. ஒக்ஸ்போர்ட் சந்தியின் நடுவே இளஞ்சிவப்பு நிறப் படகு ஒன்றை நிறுத்தியது. 2016 இல் ஒண்டூராஸ் நாட்டிலே கொலையுண்ட சூழற் போராளி பேர்த்தா காசெரஸ் அம்மையாரின் பெயர் அப்படகிற் பொறிக்கப்பட்டிருந்தது. அம்முறை ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பொலிஸார் கைது செய்தனர். கைதாவதே அவர்களின் நோக்கமுமாக இருந்தது. சிறைகளும் நீதிமன்றங்களும் நிறைந்தால் அரசு செவிசாய்க்கும் என்பது அவர்தம் கணக்கு.

அவர்களின் அச்சம் வீண் அச்சமன்று. கரியமில வாயு வெப்பத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்பினது என்பதை, அதே இலண்டன் மாநகரிலே ஜோன் டிண்டல் என்னும் அறிஞர் 1859 ஆம் ஆண்டிலேயே பரிசோதனையாற் காட்டத் தொடங்கிவிட்டார். 1958 இல் சாள்ஸ் கீலிங், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலே அவ்வாயுவை ஒழுங்காக அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. 1992 இல் ரியோவிலும், 1997 இல் கியோட்டோவிலும், 2015 இல் பாரிசிலும் உலக நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. உடன்படிக்கைகள் பெருகின, புகையும் பெருகியது. கைத்தொழிற் புரட்சிக்கு முந்திய காலத்தைவிட 1.5 பாகைக்கு மேல் வெப்பம் உயர்ந்த முதலாவது ஆண்டாக 2024 ஐ உலக வானிலை ஒழுங்கமைப்புப் பதிந்துள்ளது.

ஆகவே, நோயைப் பற்றி எங்கள் வீட்டில் வாதம் இருக்கவில்லை. மருமகன் கரையோரக் கிராமத்தில் வளர்ந்தவர். "எங்கடை ஊர்க் கிணறுகள் உவராகிக்கொண்டு போகுது, மாமா, அது எனக்குத் தெரியாதோ?" என்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கற் பாறையினுள்ளே உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய படை என்பதை நான் வகுப்பிலே படிப்பித்திருக்கின்றேன். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். கடல் மட்டம் உயர்ந்தால் அது மேலும் கடுமையாகும். எங்கள் வாதமெல்லாம் மருந்தைப் பற்றியதே.

"கடல் ஏறினால் முதல் தாழப்போறது எங்களைப் போல ஆக்கள்தான்," என்றார் மருமகன். "ஆனால் அதை நிப்பாட்டுறதுக்கும் முதல் காசு குடுக்கிறது எங்களைப் போல ஆக்களோ? காலமை ஏழு மணிக்கு அந்த றெயினிலை போறது ஆர்? துப்புரவு செய்யிறவை, காவலுக்கு நிக்கிறவை, ஆசுப்பத்திரியிலை வேலை செய்யிறவை. எண்ணெய்க் கொம்பனி முதலாளி அதிலை வாறதில்லை. ஒரு மணித்தியாலம் பிந்தினால் எனக்கு ஒரு மணித்தியாலச் சம்பளம் இல்லை. என்ரை சம்பளத்தை எடுத்துக் குடுக்க அவைக்கு ஆர் அதிகாரம் குடுத்தது?"

பேத்தி விடவில்லை. "அப்பா, ஊர்வலம் போனால் நீங்கள் பாத்தனீங்களோ? விண்ணப்பத்திலை கையெழுத்து வைச்சால் ஆரும் படிச்சவையோ? முப்பது வருசமாய் மரியாதையாய்க் கேட்டாச்சு. மறிச்சபடியால்தான் இண்டைக்கு இந்த வீட்டிலை இதைப் பற்றிக் கதைக்கிறம்."

"கதைக்கிறம் பிள்ளை, ஆனால் எதைப் பற்றிக் கதைக்கிறம்? வெக்கையைப் பற்றியோ, றெயினைப் பற்றியோ?"

இக்கேள்விக்குப் பேத்தியிடம் அன்று விடை இருக்கவில்லை. அன்றைய செயலை அவ்வியக்கத்தவரிற் பலருமே ஒப்பவில்லை என்பது பின்னர் தெரிந்தது. மின்சாரத்தால் ஓடுவதும், ஆயிரக்கணக்கானோரை மோட்டார் வண்டிகளினின்று விடுவிப்பதுமான பொதுப் புகையிரதத்தையே மறிப்பது எவ்வாறு பொருந்தும் என்று அவர்களே தம்முட் கேட்டுக்கொண்டனர்.

சூரியகாந்தியும் சூப்பும்

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2022 ஒக்டோபர் 14 ஆந் திகதி, இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலே இரு இளைஞர்கள், வின்சென்ற் வான் கோ 1888 இல் வரைந்த 'சூரியகாந்திகள்' என்னும் ஓவியத்தின்மேல் தக்காளிச் சூப்பை வீசித் தம் கைகளைச் சுவரிலே பசையால் ஒட்டிக்கொண்டனர். அவர்கள் 'ஜஸ்ட் ஸ்டொப் ஒயில்' என்னும் வேறோர் இயக்கத்தினர். புதிய எண்ணெய், எரிவாயு உரிமங்களை அரசு வழங்கக்கூடாது என்பதே அதன் கோரிக்கை. கலை பெரிதா, உயிர் பெரிதா என்று அவர்கள் கூடியிருந்தோரைக் கேட்டனர். ஓவியத்தின்மேற் கண்ணாடி இருந்தமையால் ஓவியம் பிழைத்தது, சட்டம் பழுதடைந்தது.

அச்செய்தியைப் படித்தபோது, ஓவியத்தை நேசிப்பவன் என்ற முறையில் என் நெஞ்சு பதைத்தது. ஆனால் வரலாற்று ஆசிரியன் என்ற முறையிலே வேறொரு நினைவும் வந்தது. அதே ஓவியக்கூடத்திலே 1914 மார்ச் 10 ஆந் திகதி, மேரி ரிச்சட்சன் என்னும் பெண்மணி, வெலாஸ்கெஸ் வரைந்த வீனஸ் ஓவியத்தைக் கைக்கோடரியாற் பலமுறை வெட்டினார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடி, சிறையிலே வதைபட்ட எமலின் பாங்க்ஹேர்ஸ்ட் அம்மையாருக்காக அதனைச் செய்ததாகக் கூறினார். அப்போது கண்ணாடி காக்கவில்லை, கித்தானே கிழிந்தது. நாடு அவரைப் பித்தர் என்றது. ஆறு மாதம் சிறையில் இட்டது. 2023 நவம்பரிலே 'ஜஸ்ட் ஸ்டொப் ஒயில்' இயக்கத்தினர் இருவர், வேண்டுமென்றே அதே வீனஸ் ஓவியத்தைத் தேர்ந்து, அதன் கண்ணாடியைச் சுத்தியலால் அடித்தனர். தம்மை அந்தப் பெண்களின் வாரிசுகளாகக் காட்டுவதே அவர்கள் எண்ணம்.

இவ்வுரிமை கோரல் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று, அப்படியே ஏற்கத்தக்கதுமன்று. பிரித்தானியப் பெண்களின் வாக்குரிமைப் போரிலே இரண்டு அணிகள் இருந்தன. பாங்க்ஹேர்ஸ்ட் அம்மையாரின் அணி கண்ணாடி உடைத்தது, தீயிட்டது. மிலிசென்ற் ஃபோசெற் அம்மையாரின் அணி கூட்டம் கூடியது; விண்ணப்பம் எழுதியது; உறுப்பினரைக் கண்டு பேசியது. 1918 இல் முப்பது வயதைக் கடந்த பெண்களிற் பெரும்பாலோருக்கும், 1928 இல் ஆடவருக்குச் சமமாக எல்லாப் பெண்களுக்கும் வாக்குக் கிடைத்தது. எந்த அணியால் கிடைத்தது என்று வரலாற்றாசிரியர் இன்றும் முடிவு கட்டவில்லை. இன்று பாங்க்ஹேர்ஸ்டின் சிலை பாராளுமன்றத்தை அடுத்த பூங்காவில் நிற்கின்றது. ஃபோசெற்றின் சிலை 2018 முதல் பாராளுமன்றச் சதுக்கத்தில் நிற்கின்றது. வென்ற பின்னர் இருவருக்கும் சிலை வைப்பது எளிது. வெல்லும்வரை ஒருவர் மற்றவரால் இயக்கம் கெட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தனர்.

இப்போராட்டத்திலும் அவ்வாறே. பிரித்தானியாவில் 2008 ஆம் ஆண்டிலே நிறைவேறிய காலநிலை மாற்றச் சட்டம் மறியலாற் பிறந்ததன்று. 'பூமியின் நண்பர்கள்' என்னும் சங்கத்தின் முயற்சியாற் பொதுமக்கள் தத்தம் உறுப்பினருக்கு இடைவிடாது கடிதம் எழுதிய முயற்சிக்கு அதிற் பெரும்பங்கு உண்டு. அதற்கு மாறாக, 2019 மே முதலாந் திகதி பாராளுமன்றம் காலநிலை நெருக்கடியைப் பிரகடனம் செய்தது, ஏப்ரில் மறியல் நடந்து சில நாட்களுக்குள்ளாகும். அந்த யூன் மாதத்திலே, 2050 அளவில் நாட்டின் நிகரப் புகையைப் பூச்சியமாக்கும் இலக்குச் சட்டமாயிற்று. எனினும் அவ்விலக்கை விதந்துரைத்தது, 2008 இன் சட்டத்தால் நிறுவப்பட்ட நிபுணர் குழு என்பதையும் மறத்தலாகாது. கதவைத் தட்டியவர் ஒருவர். பூட்டுக்குத் திறப்புச் செய்து வைத்திருந்தவர் வேறொருவர்.

ஆய்வாளரும் இதனை அளக்க முயன்றுள்ளனர். 2022 நவம்பரிலே 'ஜஸ்ட் ஸ்டொப் ஒயில்' இயக்கத்தினர் நாற்பதுக்கு மேற்பட்டோர், இலண்டனைச் சுற்றியோடும் எம் 25 பெருந்தெருவின் மேலுள்ள இரும்புச் சட்டங்களில் நான்கு நாட்கள் ஏறிப் போக்குவரத்தை நிறுத்தினர். அக்காலத்து மக்கள் கருத்தை ஆராய்ந்து 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, மறித்தவர்களைப் பற்றி அதிகம் அறிந்தோரிடையே, மறியல் செய்யாத 'பூமியின் நண்பர்கள்' சங்கத்துக்கு ஆதரவு சற்றுக் கூடியது என்று கண்டது. கடுமையானவன் ஒருவன் நிற்கும்போது, சாந்தமானவன் நியாயவாதியாகத் தோன்றுகின்றான் போலும்! ஆனால் கடுமையானவனை மக்கள் விரும்பினார்கள் என்று எந்தக் கருத்துக் கணிப்பும் சொல்லவில்லை. அமெரிக்காவிலே 1961 இல், கறுப்பின வெள்ளையின இளைஞர் ஒன்றாகப் பஸ்ஸிலே சென்று நிறவேற்றுமையை எதிர்த்த விடுதலைப் பயணத்தை, கலப் கணிப்பிலே 100 க்கு 61 பேர் ஒப்பவில்லை. இன்று அதனைப் பழிப்பார் எவர்? பெரும்பான்மையின் வெறுப்பு ஒரு போராட்டத்தைப் பிழையென்று நிறுவிவிடாது. அதேபோல, வெறுக்கப்பட்டது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடவும் மாட்டாது.

உப்பும் கச்சேரி வாசலும்

அப்படியாயின் எதனைக்கொண்டு அளப்பது? மறியற் கலையை உலகுக்குக் கற்பித்தவர் காந்தியடிகள். 1930 மார்ச் 12 ஆந் திகதி சபர்மதியினின்று புறப்பட்டு, ஏறத்தாழ 240 மைல் நடந்து, ஏப்ரில் 6 ஆந் திகதி தண்டிக் கடற்கரையிலே உப்பை எடுத்தார். புறப்படுமுன் இராசப்பிரதிநிதி இர்வின் பிரபுவுக்குத் தம் எண்ணத்தைக் கடிதமாக எழுதி அறிவித்தார். அவர் மீறிய சட்டமே அவர் எதிர்த்த சட்டம். ஓர் ஏழையின் உலையையும் அவர் மறிக்கவில்லை. மாறாக, அவனுக்கு உப்பைக் கொடுத்தார். 1922 இல் சௌரி சௌராவிலே கூட்டம் பொலிஸாரைக் கொன்றபோது, நாடெங்கும் பரவியிருந்த ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்திவைத்தார்.

எம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1961 பெப்ரவரி 20 ஆந் திகதி, சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாக நடைமுறைப்படுத்தப்படுவதை எதிர்த்து, யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலே செல்வநாயகம் அவர்கள் தலைமையிற் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சிறுவனாக இருந்த நான், பெரியவர்கள் நிலத்தில் வரிசையாக அமர்ந்திருந்ததைக் கண்டிருக்கின்றேன். எந்தச் சட்டம் எதிர்க்கப்பட்டதோ அந்தச் சட்டம் செல்லும் வாசலே மறிக்கப்பட்டது. சந்தை மறிக்கப்படவில்லை. ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டும்: கச்சேரிக்கு அலுவலாக வந்த குடியானவனுக்கும் அந்த வாசல் அடைத்தே இருந்தது. ஒருவரையும் நோகாத மறியல் என்று ஒன்று இல்லை. ஏப்ரில் மாதத்திலே அவசரகாலச் சட்டம் வந்தது; அமர்ந்திருந்தோரின் தலைவர்கள் பனாகொடைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கும் மறியலுக்குப் பின் மறியலே வந்தது.

இவற்றை வைத்து மூன்று கேள்விகளை நான் பேத்திக்கு எழுதியனுப்பினேன். மறியலின் பாரம் யார் தலையில் விழுகின்றது? செயலுக்கும் அது எதிர்க்கும் தீமைக்கும் உள்ள தொடர்பு, விளக்கவுரை இல்லாமலே வழிப்போக்கனுக்கும் விளங்குமா? மறிப்பவர் தண்டனையைத் தாமே ஏற்க ஆயத்தமா?

அவள் எழுதிய மறுமொழி என்னைச் சிந்திக்க வைத்தது. மூன்றாவது கேள்விக்கு, ஆம் என்று ஒரு சொல்லில் விடை தந்திருந்தாள். மற்ற இரண்டுக்கும் எழுதியதன் சாரம் இது: "அம்மப்பா, காந்திக்கு ஒரு கடற்கரை இருந்தது. செல்வநாயகத்துக்கு ஒரு கச்சேரி இருந்தது. கரியமில வாயுவுக்கு எது வாசல்? அது எல்லாருடைய அடுப்பிலிருந்தும் எல்லாருடைய வண்டியிலிருந்தும் வருகின்றது. எண்ணெய்க் கொம்பனி வாசலில் இருந்தால் எவரும் திரும்பியும் பார்ப்பதில்லை. இருந்து பார்த்துவிட்டோம்."

கூற்றில் உண்மை இருக்கின்றது. ஆனால் முழு உண்மையன்று. 2019 ஏப்ரிலிலே ஷெல் எண்ணெய்க் கொம்பனியின் இலண்டன் தலைமையகத்துக்குச் சேதம் விளைவித்ததாக வழக்குத் தொடரப்பட்ட அறுவரை, 2021 ஏப்ரிலில் யூரிமார் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். அறத்தின்படி நியாயம் என்று யூரிமார் எண்ணினாலும் அது சட்டத்திற் காப்பாகாது என்று நீதிபதி எடுத்துச் சொன்ன பின்பும் அவ்வாறே தீர்த்தனர். பன்னிரண்டு சாதாரண மனிதர், சரியான வாசலிலே நடந்த மறியலை விளங்கிக்கொண்டார்கள். கனிங் டவுன் மேடையிலே நின்றவர்களும் அவர்களைப் போன்ற சாதாரண மனிதரே. வேறுபாடு மனிதரில் இல்லை, வாசலில் இருந்தது. இதனை நான் எழுதியபோது, பேத்தி நெடுநாள் மறுமொழி எழுதவில்லை. பின்னொரு நாள் தொலைபேசியிலே, "றெயின் விசயத்திலை அப்பா சொன்னது சரி," என்று மட்டும் சொன்னாள்.

இயக்கத்தவரும் ஒருவாறு அம்முடிவுக்கே வந்தனர். 2022 ஆம் ஆண்டின் கடைசி நாளிலே, பொதுமக்களுக்கு இடைஞ்சல் விளைக்கும் முறையைத் தலையாய உபாயமாகக் கொள்வதினின்று விலகுவதாக 'எக்ஸ்ரிங்ஷன் ரெபெலியன்' அறிவித்தது. அடுத்த ஏப்ரில் 21 முதல் 24 வரை, பாராளுமன்றத்தைச் சூழப் பல்லாயிரவரைக் கூட்டி அமைதியாக நாலு நாட்களை நடத்தியது. 22 ஆந் திகதி சனிக்கிழமை. அன்று மருமகனுக்கு ஓய்வு. "ஒருத்தற்றை றெயினையும் மறிக்காட்டி நானும் வாறன்," என்று மகளோடு புறப்பட்டுப் போய்விட்டு, பின்னேரம் கால் நோவோடு வந்தார் என்று என் மகள் எழுதினாள். அக்கடிதத்தை நான் பலமுறை படித்தேன்.

எத்தனை மணித்தியாலத்துக்கு எத்தனை ஆண்டு?

நிற்க. கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்று. ஆனால் மறியல் என்னும் சொல்லுக்கு இரண்டாம் பொருள் ஒன்று உண்டல்லவா?

மக்களின் சினம் தணியுமுன்னே அரசு சட்டங்களைக் கடுமையாக்கியது. 2022 இல் வந்த சட்டம், பொதுமக்களுக்குத் தொல்லை விளைத்தலுக்குப் பத்து ஆண்டுவரை சிறை விதிக்க இடமளித்தது. 2023 இன் பொது ஒழுங்குச் சட்டம், உடலை ஒன்றோடு பிணைத்துப் பாதையை அடைப்பதையும் தனிக் குற்றமாக்கியது. 2024 யூலையிலே, எம் 25 மறியலை ஒழுங்கு செய்யச் சூழ்ச்சி செய்தார்கள் என்று ஐவருக்குத் தண்டனை கிடைத்தது. இரண்டு இயக்கங்களையும் தொடக்கியோருள் ஒருவரான ரொஜர் ஹலம் என்பவருக்கு ஐந்து ஆண்டு. மற்ற நால்வருக்கும் நான்கு நான்கு ஆண்டு. அவர்கள் இணையவழிக் கூட்டமொன்றிலே ஆள் சேர்த்துத் திட்டமிட்டதே வழக்கின் அடிப்படை. அந்த மறியலாற் பலர் மரணச் சடங்கைத் தவறவிட்டனர், பரீட்சையைத் தவறவிட்டனர், புற்றுநோயாளர் ஒருவர் வைத்தியரைக் காணும் வேளையைத் தவறவிட்டார் என்று நீதிபதி எடுத்துக் காட்டினார். அவை பொய்யல்ல; சிறிய நோவுகளுமல்ல. அவ்வாண்டு செப்டெம்பரிலே சூரியகாந்தி ஓவியத்தின்மேற் சூப்பு வீசிய இருவருள் ஒருவருக்கு இரண்டு ஆண்டும், மற்றவருக்கு இருபது மாதமும் விதிக்கப்பட்டன. 2025 மார்ச்சிலே, மேன்முறையீட்டு நீதிமன்றம் பதினாறு பேரின் வழக்கை ஆராய்ந்து அறுவரின் தண்டனையைக் குறைத்தது. ஹலமின் ஐந்து ஆண்டு நான்காயிற்று. அதே மாத இறுதியில் 'ஜஸ்ட் ஸ்டொப் ஒயில்' தன் தெருப்போராட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. புதிய எண்ணெய் உரிமம் இல்லை என்பது அரசின் கொள்கையாகிவிட்டது. நாம் வென்றோம் என்று அது சொன்னது. பிறர், சிறை அவர்களை அடக்கிவிட்டது என்றனர். இரண்டிலும் உண்மை இருக்கலாம்.

நான் என் கருத்தைச் சொல்லிவிடுகின்றேன். வேலைக்குப் போகும் ஏழையை மறிப்பது பிழை, அறிவீனமும் ஆகும். நோயாளி செல்லும் பாதையை மறிப்பது அதனினும் பெரிய பிழை. கலைப்பொருளைப் பணயமாக வைப்பதையும் நான் ஒப்பமாட்டேன். கண்ணாடி இருந்தது என்பது, வீசியவரின் புண்ணியத்தினும் காப்பாளரின் விழிப்புக்கே சான்று. ஆனால் ஒரு சமுதாயம் தன் இளைஞரின் எதிர்ப்பை எதனால் அளக்கின்றது என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே. தம் உடலைத் தவிர வேறு ஆயுதம் இல்லாதவரை, மனிதரை அடித்துக் காயப்படுத்தியவரினும் நீண்ட காலம் அடைத்துவைக்கும் நீதி, பாதையைத் திறந்துவிடலாம். அவர்கள் எழுப்பிய கேள்வியை மூடிவிட முடியாது. 2024 இன் வெப்பமானி எந்த நீதிமன்றத்தின் கட்டளையையும் கேட்டு இறங்கவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல்வகுப்பு மாணவர்க்கு விவாதத் தலைப்புத் தேடும்போது இதனைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நிபந்தனை: மறிப்பது சரி என்போர், முதலில் மேடையிலே நின்ற தொழிலாளியாகப் பேசவேண்டும்; பிழை என்போர், முதலிற் கூரைமேல் நின்றவராகப் பேசவேண்டும். எங்கள் வீட்டிலே ஐந்து ஆண்டுகள் பிடித்தது அதற்கு.

2024 யூலையிலே, அந்த ஐவரின் தீர்ப்புச் செய்தி வந்த இரவு, மருமகன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பேத்தி பல்கலைக்கழகப் படிப்பு முடித்துவிட்டாள். அவள் பக்கத்தில் நின்று அழுவது கேட்டது. மருமகனின் குரலிலே கோபம் இருந்தது. எவர்மேற் கோபம் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

"மாமா, அவை றோட்டை மறிச்சது பிழைதான், அதை நான் இப்பவும் சொல்லுவன்," என்றார். "ஆனால் என்ரை ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு மனிசன்ரை அஞ்சு வருசத்தை நான் கேக்கேல்லை. மறிச்சதுக்கு இவ்வளவு மறியலோ?"